பேக்கப் லாக் யாருக்காக?

பேக்கப் ஓடும் நேரத்தில் அதைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. கணக்குப் பிரிவு கடைசி வவுச்சரைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், மில்லில் இரண்டாம் ஷிப்ட் உற்பத்தி எண்ணிக்கை ஏறி முடிய வேண்டும். அதன் பிறகு, நள்ளிரவு தாண்டித்தான் அந்த ஜாப்புகளுக்கு நேரம் ஒதுக்குவோம். காலையில் வருகிறவருக்கு அந்த ராத்திரியைப் பற்றித் தெரிவது லாக் கோப்பில் உள்ள வரிகள் மட்டுமே. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தந்த முதல் பொறுப்பு அந்த வரிகளைப் படிப்பது.

எனக்கு மூத்தவராக இருந்த அண்ணன் டேப் காலத்திலிருந்து வந்தவர். எழுதிய டேப்பைத் திரும்பப் படித்துப் பார்க்காமல் அலமாரியில் வைக்க விடமாட்டார். காலையில் டீ வருவதற்கு முன்பே என் மேசைக்கு வந்துவிடுவார்.

"நேத்து ராத்திரி லாக்குல கடைசி வரி என்னங்க தம்பி?"

"பேக்கப் முடிஞ்சுதுன்னு இருக்குதுங்ணா."

"அது ஸ்கிரிப்ட் சொல்றது. டேட்டாபேஸ் என்ன சொல்லுச்சுங்க?"

அந்த இரண்டாவது கேள்வியின் கனம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. ஸ்கிரிப்டின் அடியில் 'பேக்கப் முடிந்தது' என்று அச்சிட ஒரு வரி இருந்தால், மேலே என்ன நடந்திருந்தாலும் அது அச்சாகும். ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நில் என்று எழுதாதவரை ஷெல் அடுத்த கட்டளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அந்த வரி சொல்வது, ஸ்கிரிப்ட் கடைசி வரிவரை வந்து சேர்ந்தது என்பதை மட்டும்தான்.

ஒரு கிளை மில்லில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை டம்ப் எடுத்து, பைப் வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பிச் சுருக்கி வைக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பைப்பில் இரண்டு கட்டளைகள் சேர்ந்தால், ஷெல்லுக்குத் திரும்பி வரும் எக்ஸிட் கோடு கடைசிக் கட்டளையுடையது. பாஸ்வேர்டு பொருந்தாமல் டேட்டாபேஸ் 1045 என்ற எண்ணோடு டம்ப் கட்டளையை உள்ளே விட மறுத்தாலும், ஜிஜிப்புக்கு அது தெரியாது. வந்து சேராத தரவைச் சுருக்கி 20 பைட்டில் ஒரு கோப்பை உருவாக்கிவிட்டு, கோடு 0 என்று சொல்லி முடிக்கும். அந்த மில்லில் பாஸ்வேர்டு மாற்றிய பிறகு இதுதான் நடந்துகொண்டிருந்தது. மாதாந்தர ரெஸ்டோர் சோதனைக்காகக் கோப்பைத் திறக்கப் போனபோதுதான் வெளியே வந்தது. தேதிவாரியாகக் கோப்புகள் வரிசையாக இருந்தன. பெயர் சரி, நேரம் சரி, ஒவ்வொன்றும் 20 பைட். லாக்கில் ஒவ்வொரு ராத்திரிக்கும் 'முடிந்தது'.

டம்ப் கட்டளை பிழையைச் சொல்லாமல் விடவில்லை. ஸ்டாண்டர்ட் எரரில் சொல்லியிருந்தது. ஸ்கிரிப்டோ ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும்தான் லாக்குக்குத் திருப்பியிருந்தது. மிச்சத்தை க்ரான் தன் வழக்கப்படி ரூட் பயனரின் உள்ளூர் அஞ்சல்பெட்டியில் போட்டு வைத்திருந்தது. சர்வருக்குள் லாகின் செய்தால் 'புது மெயில் இருக்கிறது' என்று ஒரு வரி வரும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நல்லவேளையாக டேட்டாபேஸ் உயிரோடு இருந்ததால் அன்றைக்கே கையால் ஒரு டம்ப் எடுத்து, திறந்து பார்த்து, பத்திரப்படுத்தினோம்.

அன்றிலிருந்து எங்கள் எல்லா ஸ்கிரிப்டிலும் முதல் சில வரிகளுக்குள் பைப்ஃபெயில் இருக்கும். பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கணக்கு. இன்னொன்று, அதைவிட எளியது: மைஎஸ்கியூஎல் டம்ப், தான் முழுதாக எழுதி முடித்தால் கோப்பின் கடைசியில் 'டம்ப் முடிந்தது' என்று தேதியோடு ஒரு குறிப்பைத் தானே எழுதும். சுருக்கிய கோப்பைத் திரும்ப விரித்து அந்தக் கடைசி வரி இருக்கிறதா என்று பார்த்து, அந்த வரியையே லாக்கில் பதிய வைத்தோம். அண்ணன் கேட்ட 'டேட்டாபேஸ் என்ன சொல்லுச்சு' என்பதற்கு லாக்கிலேயே பதில் வந்துவிட்டது.

இது சின்ன அலுவலகங்களில் மட்டும் வரும் கோளாறு அல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், துணை டேட்டாபேஸ் சர்வரில் காலிசெய்ய வேண்டிய டைரக்டரியை ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி அளவுதான் மிஞ்சியது. தினசரி டம்ப்பைத் தேடிப் போனால், அமேசான் சேமிப்பில் அந்த இடமே காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. டம்ப் எடுக்க ஓடிய கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாமல் அது பிழை காட்டி நின்றுகொண்டிருந்திருக்கிறது. க்ரான் அந்தப் பிழையை மெயிலில் அனுப்பவும் செய்தது. டிமார்க் கையெழுத்துச் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் சர்வர் அந்த மெயில்களைத் தள்ளிவிட்டது. கடைசியில், வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் டேட்டாபேஸ் தரவு போனது போனதுதான். அவர்கள் இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். என்னிடம் வேலை கற்க வருகிறவர்களை நான் முதலில் படிக்கச் சொல்வது அந்த அறிக்கையைத்தான்.

அதில் என்னை உலுக்கியது வந்து சேராத மெயில். தோற்றால் மட்டும் தகவல் அனுப்பு என்று ஏற்பாடு செய்திருந்தால், தகவல் வராத நாள் எல்லாம் நல்ல நாளாகத் தோன்றும். ஜாப் ஓடவே இல்லை, சர்வரே நின்றுவிட்டது, மெயில் வழியில் சிக்கியது ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே அமைதியாக இருக்கும். ஆகவே நாங்கள் திருப்பிப் போட்டோம். ஜெயித்த ஜாப்தான் ஒரு வரி அனுப்ப வேண்டும். அந்த வரி காலை 6 மணிக்குள் வந்ததா என்று பேக்கப்போடு சம்பந்தமில்லாத இன்னொரு சர்வர் பார்க்கும். வராத ஜாப்பின் பெயரைத் தொலைபேசிக்கு அனுப்பும்.

எரர் கோப்பைத் தனியாக வைப்பதா, லாக்கோடு சேர்ப்பதா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும் என்பேன். என்ன வரிசையில் எது நடந்தது என்று புரிய ஒன்றாகச் சேர்ந்த லாக் தேவை. காலையில் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளத் தனி எரர் கோப்பு தேவை. அதன் அளவு பூஜ்யமாக இல்லாவிட்டால் திறந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பு தினமும் ஏதாவது எழுதிக்கொண்டே இருந்தால், ஒரே வாரத்தில் ஆள்கள் அதைத் திறப்பதை விட்டுவிடுவார்கள். பேக்கப் வேலையில் நான் கண்ட பெரிய ஆபத்து தினமும் வரும் எச்சரிக்கை.

எக்ஸிட் கோடுகளைக் கருவிக்குக் கருவி தனியாகப் படித்து வைத்துக்கொள்வது இதனால்தான் அவசியம். டார் 1 என்று முடிந்தால் சில கோப்புகள் வேறுபட்டன என்று பொருள். 2 என்றால் தோல்வி. ஆர்சிங்க் 24 என்றால், பட்டியலிட்ட பிறகு சில கோப்புகள் மறைந்துவிட்டன. தற்காலிகக் கோப்புகள் வந்து போகும் டைரக்டரியில் இது சகஜம். 23 என்றால் சில கோப்புகளைப் பிழையால் மாற்ற முடியவில்லை, அதை விட்டுவைக்கக் கூடாது. விண்டோஸில் ரோபோகாப்பி 1 என்று முடிந்தால் கோப்புகள் நல்லபடியாக நகலாகின என்று அர்த்தம். 8-க்குக் குறைந்த எதுவும் தோல்வி அல்ல. பூஜ்யம் தவிர எல்லாம் தோல்வி என்று பொதுவாக எழுதிவிட்டால், ரோபோகாப்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்த நாளெல்லாம் சிவப்பு எரியும்.

அதே நேரம், தொந்தரவு தரும் செய்தி என்று கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டவும் கூடாது. 'படிக்கும்போதே கோப்பு மாறிவிட்டது' என்று டார் சொல்லும். அது வலைத்தளத்தின் அணுகல் லாக்கைப் பற்றியதாக இருந்தால் கவலையில்லை, ஓடும் சர்வரில் அது மாறிக்கொண்டுதான் இருக்கும். அதே செய்தி ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் தரவுக்கோப்பைப் பற்றியதாக இருந்தால், அந்த நகல் முன்பாதி ஒரு நேரத்தையும் பின்பாதி வேறொரு நேரத்தையும் சேர்ந்ததாக இருக்கலாம். அதை ரெஸ்டோர் செய்து பயனில்லை. செய்தி ஒன்றுதான், பாதை வேறு. அதனால் எங்கள் வடிகட்டியில் செய்தியை மட்டும் எழுதமாட்டோம். எந்தப் பாதையில் வந்தால் விடலாம், ஏன் விடலாம், யார் சொன்னது என்று மூன்றையும் பக்கத்தில் எழுதிவைப்போம்.

லாக் நீளமாக இருப்பதில் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஓடும் லாக்கை யாரும் படிப்பதில்லை, தேடத்தான் உதவும். நான் கூடுதலாக வைத்துக்கொண்டது இன்னொரு சின்னக் கோப்பு. கணக்குப்பிள்ளையின் பேரேடுபோல ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு வரி: ஜாப்பின் பெயர், எந்த சர்வர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கோப்புகளின் எண்ணிக்கை, மொத்த அளவு, எக்ஸிட் கோடு, கருவியின் பதிப்பு, போய்ச் சேர்ந்த இடம், செக்சம். தினமும் அடியில் சேர்ந்துகொண்டே போகும், ஒருபோதும் மேலெழுதாது. ஒற்றை நாளின் லாக்கில் தெரியாதது இதில் தெரியும்.

அப்படித் தெரிந்தது ஒன்று. டிசைன் பிரிவின் கோப்புகளை இன்னொரு சர்வரிலிருந்து என்எஃப்எஸ் வழியாக இணைத்து, ஆர்சிங்க் கொண்டு நகலெடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு காலை, அந்த வரியில் கோடு 0. எரர் கோப்பு காலி. கோப்புகளின் எண்ணிக்கை மட்டும் முந்தின நாளோடு ஒட்டவே இல்லை. மின்தடைக்குப் பிறகு சர்வர் எழுந்தபோது என்எஃப்எஸ் இணைப்பு எழவில்லை. மவுண்ட் ஆகாத இடம் காலி டைரக்டரியாக இருக்க, ஆர்சிங்க் அந்தக் காலி டைரக்டரியை விசுவாசமாக நகலெடுத்துவிட்டது. மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு என்ற டெலிட் விருப்பத்தை அங்கே போடாமல் வைத்திருந்ததால் பழைய நகல் பிழைத்தது. போட்டிருந்தால் அதுவும் துடைக்கப்பட்டிருக்கும். இப்போது ஜாப் தொடங்கும் முன்பே மூலமும் சேருமிடமும் மவுண்ட் ஆகியிருக்கின்றனவா என்று பார்த்து லாக்கில் எழுதுகிறோம். சேருமிடம் மவுண்ட் ஆகாவிட்டால் வேறு மாதிரி கேடு: பேக்கப் முழுதும் ரூட் டிஸ்க்கில் கொட்டி, டிஸ்க் நிரம்பி, லாக் பாதி வரியில் நிற்கும். அதனால்தான் பேக்கப் வந்து விழக்கூடிய எந்த டிஸ்க்கிலும் லாக்கை வைக்கக் கூடாது என்பது. இடம் தீர்ந்தது என்று எழுதவும் இடம் வேண்டும்.

நேரத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இந்திய நேரம் ஏப்ரல் 1 அதிகாலை 1.30-க்கு ஓடும் ஜாப், யூடிசியில் மார்ச் 31 இரவு 8 மணி. நிதியாண்டின் கடைசி நாள் முடிந்த நிலையிலான டேட்டாபேஸ் வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டால் எந்தக் கோப்பைக் கொடுப்பது? உள்ளூர் நேரப்படி மார்ச் 31 என்று பெயரிட்ட கோப்பில் மார்ச் 31-இன் வரவு செலவே இருக்காது. அது அன்று அதிகாலையில் எடுத்தது. ஏப்ரல் 1 என்று பெயரிட்டதுதான் அவர் கேட்பது. கிளவுட் சேமிப்பு பதியும் நேரம் யூடிசியில் இருந்தால், அதே கோப்புக்கு எதிரே மார்ச் 31 என்று இருக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் இரண்டு தேதி. பதற்றமான நேரத்தில் தவறான கோப்பை ஏற்றிவிட இது போதும். எங்கள் லாக்கில் ஒவ்வொரு நேரத்தோடும் +05:30 என்று சேர்த்தே எழுதுவோம். எந்த வேலை நாள் முடிந்த நிலை என்பதைத் தனியாக இன்னொரு புலத்தில் எழுதுவோம்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில் பலர் லாக்ரொட்டேட் தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். பல லினக்ஸ் தொகுப்புகளில் அது வாரம் ஒருமுறை சுழற்றி 4 பழைய பிரதிகளை வைத்திருக்கும். அதன்படி போனால் இரண்டு மாதத்துக்கு முன் தொடங்கிய கோளாறின் முதல் நாளைக் கண்டுபிடிக்க வழியே இராது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2013 நிறுவனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியையும் திருத்தினார்கள். தினமும் எடுத்தோம் என்பதற்கு லாக்கைத் தவிர வேறு என்ன சாட்சி இருக்கிறது? என் விதி எளிது: எந்தப் பேக்கப்பைப் பற்றிய லாக்கோ, அந்தப் பேக்கப் இருக்கும்வரை லாக்கும் இருக்க வேண்டும். லாக் போய்விட்ட டேப்பில் என்ன இருக்கிறது என்று அறிய முழு டேப்பையும் படித்தாக வேண்டும்.

சர்வரோடு சேர்ந்து லாக்கும் போய்விடக் கூடாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை ரான்சம்வேர் முடக்கியபோது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளிகளின் தரவை மீட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அப்படி ஒரு சர்வர் நமக்கு இருந்தாலும், அதில் எந்த நாள்வரை என்ன இருக்கிறது என்று சொல்லும் லாக் பூட்டப்பட்ட இயந்திரத்துக்குள் இருந்தால் பாதி ராத்திரி தேடுவதிலேயே போய்விடும். பேரேட்டு வரிகளை வேறு கட்டடத்தில் உள்ள சர்வருக்கு அனுப்புகிறோம், மாதம் ஒருமுறை அச்செடுத்தும் வைக்கிறோம். வெளியே போகும் லாக்கில் பாஸ்வேர்டு இருக்கக் கூடாது. ஸ்கிரிப்ட் ஓடுவதை வரிவரியாகக் காட்டும் எக்ஸ் விருப்பத்தைப் பிழை தேடப் போட்டுவிட்டு எடுக்க மறந்தால், கட்டளையில் எழுதிய பாஸ்வேர்டு அப்படியே லாக்கில் உட்கார்ந்திருக்கும்.

பேக்கப் லாக்கைக் கவனிக்கிறவர்களில் ரெஸ்டோர் லாக்கைக் கவனிக்கிறவர்கள் குறைவு. எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். போஸ்ட்கிரெஸ் டம்ப்பை பிஎஸ்கியூஎல் வழியாக ஏற்றினால், இடையில் பிழை வந்தாலும் சொல்லி வைக்காதவரை நிற்காது. இந்த ரோல் இல்லை, இந்த டேபிள் இல்லை என்று வரிகள் திரையில் ஓடி மறையும். கடைசியில் ப்ராம்ப்ட் வந்து நிற்கும், பார்க்க எல்லாம் சரியாகத் தோன்றும். பிஜி-ரெஸ்டோர் கடைசியில் ஒரு வரி சொல்லும்: ரெஸ்டோரில் இத்தனை பிழைகள் புறக்கணிக்கப்பட்டன என்று. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு பயனர் பெயரா, ஒரு முழு டேபிளா என்பது மேலே ஓடிய வரிகளில்தான் உண்டு. கோப்பில் பிடிக்காவிட்டால் அது போய்விட்டது. ஆகவே ரெஸ்டோரைத் திரையை நம்பி ஓட்டமாட்டோம். இரண்டு அவுட்புட்டும் நேர முத்திரையோடு கோப்புக்குப் போகும்.

இதெல்லாம் ஒன்றுசேர்ந்து தேவைப்பட்டது, தலைமை அலுவலகச் சர்வரின் ரெய்டு தொகுதி பழுதான அன்று. உரிமையாளர் நேராக சர்வர் அறைக்கே வந்தார். "எத்தனை மணிக்கு பில் போடலாம்? லாரி நிக்குது" என்பது மட்டும்தான் அவர் கேட்டது. ரெஸ்டோர் சோதனைகளின் லாக்கைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொன்னேன். பேக்கப் எடுக்கும் நேரத்தை வைத்து ரெஸ்டோர் நேரத்தை ஊகிக்க முடியாது. ஏற்றும்போது இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும், எங்கள் டேட்டாபேஸுக்கு அது பேக்கப்பைவிடப் பல மடங்கு. சாயங்காலம் ஆகும் என்றேன். அவர் லாரியை அனுப்பிவிட்டு, அவசரமானதைக் கைப்பில்லில் போடச் சொன்னார்.

டம்ப் எடுக்கும் ஸ்கிரிப்ட், முக்கியமான டேபிள்களில் எத்தனை வரிசைகள், கடைசி வவுச்சர் எண் என்ன, கடைசி பில் எண் என்ன என்று கேட்டு லாக்கில் எழுத வேண்டும் என்பது அண்ணன் போட்ட விதி. அந்த நேரத்தில் யாரும் பதிவு போடாததால் எண்கள் டம்ப்போடு ஒத்துப்போகும். ரெஸ்டோர் முடிந்ததும் அதே கேள்விகளைப் புது டேட்டாபேஸிடம் கேட்டோம். எண்ணிக்கைகள் ஒத்திருந்தன. கடைசி வவுச்சர் எண்ணை ஒரு தாளில் எழுதி, கணக்குப் பிரிவு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது வரைக்கும் இருக்குதுங்க அக்கா. இதுக்கு அடுத்ததுல இருந்து போட்டா போதும்."

அவர் காலையிலிருந்து சேர்ந்திருந்த வவுச்சர்க் கட்டைப் பிரித்து, அந்த எண்ணுக்கு அடுத்ததை எடுத்துத் தட்டத் தொடங்கினார். கைப்பில்களை அதன் பிறகு ஏற்றினார்கள். ரெஸ்டோர் லாக்கின் ஒரு பிரதியை, அன்று பதிவு ஏன் தாமதமானது என்ற குறிப்போடு, ஆடிட்டர் கோப்பில் சேர்த்தேன்.